தொப்பூர் தாண்டியாச்சு

"தொப்பூர் தாண்டியாச்சு. உங்கப்பா முன்சீட்டுல நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கிட்டு வர்றார். ஓசூர்லேருந்து ஒரு வார்த்தை பேசலை" என்று பெங்களூர் விமான நிலையத்திலிருந்து காரில் அப்பாவைக் கூட்டி வரும் கணவன் மாதேஸ்வரன் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது மணி இரண்டு. தொப்பூரிலிருந்து சேலம் வந்து, அங்கிருந்து வாழப்பாடி வர எப்படியும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் மாவைப் பிசைந்து உருட்ட வேண்டும், ஓவனில் வைக்க வேண்டும், குளிக்க வேண்டும், ஏழு வருடமாகப் பார்க்காத அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தயாராக வேண்டும். ரோசாவுக்கோ அந்த நிமிடம் வேறு கவலை. கையில் பிடித்திருந்த சல்லடைக்குத் தன் பாஷையில் என்ன பெயர் என்பது மறந்துபோயிருந்தது. சல்லடை, சல்லடை, சல்லடை. மாவைச் சலிப்பது, ஓட்டை ஓட்டையாக இருப்பது, அம்மா சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டி வைப்பாளே, அதன் மரவிளிம்பு ஒரு பக்கம் எறும்பு அரித்து உளுத்துப் போயிருக்குமே, எல்லாம் ஞாபகம் வருகிறது, அந்த ஆணியின் துரு கூட ஞாபகம் வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. பிரேசிலில், மினாஸ் என்கிற மலைப்பக்கத்து மாநிலத்தில், மூன்று தெருவும் ஒரு கோயிலும் உள்ள ஊரில் பிறந்து இருபத்தெட்டு வயது வரை போர்த்துகீசியம் தவிர வேறு பாஷையே பேசாதவளுக்கு, ரொசாஞ்ஜெலா என்று பெயர் வைக்கப்பட்டு வாழப்பாடியில் ரோசாவாகிப் போனவளுக்கு, ஒரு சல்லடைக்குப் பெயர் தெரியவில்லை. அப்பா வந்து இறங்கி, "அதை எடு" என்று இதைக் காட்டிக் கேட்டால்? அப்பா எதற்குச் சல்லடை கேட்கப்போகிறார், முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர் சல்லடையை வைத்து என்ன செய்வார். ஆனாலும் கேட்டுவிட்டால்? "பார், நான் அன்றைக்கே சொன்னேன்" என்பார். விமான நிலையத்து வாசலில் நின்றுகொண்டு அன்றைக்கே சொன்னார்தான். "அங்கே உன் பாஷையில் யாரோடு பேசுவாய்? சுவரோடா?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "கதவோடும் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அப்பா ஆட்டவில்லை.

சுவரோடு பேச வேண்டிய அவசியம் வந்ததே இல்லை, அதை எப்படி அப்பாவிடம் சொல்வது என்று நினைத்தபடி அவள் மாவைத் தட்டினாள். வந்த முதல் வாரமே மாமியார் பாவாயி பின்கட்டில் நின்று, "சாவி எங்கடா, சாவியை எங்க வெச்சே?" என்று மகனிடம் கத்த, ரோசா எழுந்து போய் அலமாரி மேல் இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவள் ஊரிலும் சாவிக்குச் சாவிதான், ஷாவி என்று கொஞ்சம் காற்று சேர்த்துச் சொல்வார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரை மாமியார் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னலைத் தொட்டாள், ரோசா ஜனேலா என்றாள். மேசையைத் தொட்டாள், மேஸா என்றாள். அலமாரி, துவாலை, கொய்யாப்பழம். உலக்கையைத் தொட்டபோது ரோசா முழித்தாள். "பரவால்ல, பாதிப் பொண்ணு தமிழச்சிதான்" என்று பாவாயி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வாரம் ரோசாவுக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு நிம்மதியாக இருந்தது, இப்போது அதுவே குழப்பமாகிவிட்டது. எது எந்தப் பக்கத்து வார்த்தை என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கனவில் அம்மா வருகிறாள், வந்து "சாப்பிட்டியா" என்கிறாள். அம்மா எப்போது தமிழ் கற்றாள்? கனவிலேயே ரோசா அதைக் கேட்டிருக்கிறாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "இங்கே யாரோ ஒருத்தர் சொல்லிக் கொடுக்கிறார்" என்றாள். விழித்துக்கொண்டதும் அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் பல் தேய்க்கப் போனாள். சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தேய்ப்பாள், ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளிப்பாள், அது அவர்கள் ஊர் வழக்கம். மாமியாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, "சுத்தமான புள்ள" என்று பெயர். பிடிக்காததும் ஒன்று இருந்தது. வந்த அன்று பாவாயியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள். தெருவில் பத்துப் பேர் பார்க்க. பாவாயி கன்னத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

அப்பாவும் அதைச் செய்வார். ஐயோ, செய்வாரே. எழுபத்தோரு வயதுக் கிழவர், வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெண்களைத் தோளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுத்தான் உட்காருவார், அது மரியாதை, செய்யாவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். மாதேஷிடம் சொல்லிவைத்தாளா? சொல்லவில்லை. போன் போட்டுச் சொல்லலாமா? "எங்கப்பாகிட்டச் சொல்லுங்க, எங்கத்தையைத் தொடக் கூடாதுன்னு." முதல் வார்த்தையே அதுவா, நான்கு வருடம் பேசாத மனுஷரிடம். பாலும் எண்ணெயும் உப்பும் அடுப்பில் பொங்கி வந்தன. அதைத் தூக்கி மரவள்ளி மாவின் மேல் ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழும்பி மூக்கில் ஏறியது, அந்தப் புளித்த வாடை. இந்த வாடைக்காகவே அவள் இந்த ஊரைக் கட்டிக்கொண்டாள் என்று மாதேஷ் கிண்டல் செய்வான். மாவு ஆலை இயந்திரம் ஒன்றைக் கற்றுக்கொள்ள அவன் ஆறு மாதம் பிரேசில் வந்திருந்தபோது அவள் அந்தக் கம்பெனி அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரிலும் மரவள்ளிதான், குச்சிக்கிழங்கு என்போம், ஊரெல்லாம் அதுதான் காயும் என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை, பெண் பிடிக்க எதையாவது சொல்கிறான் என்று நினைத்தாள். வாழப்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிடம், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைத் திசையிலிருந்து காற்று வந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவள் அம்மாவின் சமையலறையில் நின்றாள். சனிக்கிழமை சாயங்காலம், அம்மா ஜெரால்டா கை முழுக்க மாவோடு, தலைமுடியை மணிக்கட்டால் ஒதுக்கிக்கொண்டு, ரேடியோவோடு சேர்ந்து தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு.

இரண்டு முட்டையை உடைத்துப் போட்டாள், துருவிய பாலாடைக்கட்டியைப் போட்டாள், கடைப் பாலாடைக்கட்டிதான், அம்மா பார்த்தால் சோப்பு என்பாள். பிசையப் பிசைய விரலெல்லாம் ஒட்டியது. ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் தப்பு. இதை முதல் தடவை செய்தபோது பாவாயி ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்று, "உள்ள ஒண்ணுமே இல்லையே, காத்துதான இருக்குது" என்றாள். பிறகு ஐந்து தின்றாள். இப்போது தெருவில் அதற்கு ரோசா போண்டா என்று பெயர். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நூறு ரோசா போண்டா கேட்கிறார்கள், மாரியம்மன் பண்டிகைக்கு மாமியாரே நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்து, "நாளைக்கு செஞ்சு குடுத்துரு கண்ணு" என்கிறாள். இதையெல்லாம் அப்பாவிடம் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது. அவர் எதற்கு வருகிறார்? மூன்று வாரத்துக்கு முன்னால் பதினோரு விநாடிக் குரல் செய்தி ஒன்று வந்தது. "ஹோஸா. மூன்று வாரம் கழித்துப் புதன்கிழமை பெங்களூர் வருகிறேன். மார்லியின் மகன் டிக்கெட் போட்டுவிட்டான். பாலாடைக்கட்டி கொண்டுவருகிறேன்." அவ்வளவுதான். அவர்கள் ஊரில் பெயரின் முதலில் வரும் ர-வை ஹ-வாகத்தான் சொல்வார்கள். ஹோஸா என்று தன்னைக் கூப்பிட ஓர் ஆள் உலகத்தில் மிச்சம் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவள் போல அதை நாற்பது தரம் கேட்டாள். நாற்பதிலும் அவர் குரலில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மார்லி பக்கத்து வீட்டுக்காரி, நான்கு வருடமாக அப்பா சாப்பிட்டாரா, இருமுகிறாரா, முடி வெட்டிக்கொண்டாரா என்பதெல்லாம் மார்லி சொல்லித்தான் தெரியும். மார்லியிடம் கேட்டாள். "என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை, புதுச் செருப்பு வாங்கினார்" என்று பதில் வந்தது. நேரில் வந்து முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் வருகிறார். போனில் சொல்ல மனமில்லாததை. அம்மாவை நான் ஒருவனாகக் குழியில் வைத்தேன், நீ வரவில்லை என்று. அதற்காக ஒரு மனுஷர் எழுபத்தோரு வயதில் முதல்முதலாக விமானம் ஏறுவாரா? ஏறுவார். அவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஏறுவார்.

அங்கே செத்தவர்களை மறுநாளே அடக்கம் செய்துவிடுவார்கள். இங்கிருந்து போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். எப்படியும் முகம் பார்த்திருக்க முடியாது, அதை அவரும் அறிவார். ஆனால் பிறகு? பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது, திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. வந்ததும் போன் செய்து, "அப்பா, இப்போது வரட்டுமா" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. வரட்டுமா என்று கேட்பதும் கேட்காமல் போய் வாசலில் நிற்பதும் ஒன்றல்ல. "இனிமேல் எதற்கு" என்றார், வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ரோசா உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, நெல்லிக்காய் அளவு, அப்பாவுக்குச் சின்னதாக இருந்தால்தான் பிடிக்கும், ஒரே வாயில் போட வேண்டும், கடித்துத் தின்றால் ஸ்டியரிங்கில் துணுக்கு விழும் என்பார். நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த நாளில் இந்தச் சமையலறைத் தரையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பாவாயி வந்து ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். குடம் குடமாக. "அழுவு கண்ணு, தண்ணியோட தண்ணியாப் போவட்டும்" என்றாள். பதினாறாம் நாள் படையல் போட்டாள். உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். சர்க்கரை நிறையப் போட்ட காப்பி, சோளமாவுக் கேக் என்றாள் ரோசா. கேக் இவர்களுக்குச் செய்யத் தெரியாது, அவளுக்கோ அன்று கை ஓடவில்லை. பாவாயி மக்காச்சோள மாவில் வெல்லம் போட்டு இட்லிக் குண்டானில் வேகவைத்து எடுத்தாள். இலையில் சோறு, ரசம், அந்தச் சோளக் களியுருண்டை, டம்ளர் நிறையக் காப்பி. காக்கைக்கு வைத்தபோது காக்கை முதலில் காப்பி டம்ளரில்தான் மூக்கை விட்டது. பாவாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, உங்கம்மாதான் வந்திருக்குது." ரோசாவுக்கு அன்றைக்கு முதல்முதலாகச் சிரிப்பு வந்தது.

தட்டு நிறைந்ததும் ஓவனுக்குள் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தவள் அப்படியே நின்றாள். படம். ஐயோ, படம். தினமும் அதன் அடியில்தான் நடக்கிறாள், கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. மாமனார் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்தில், ஜெரால்டா. ரோசாவின் போனிலிருந்து எடுத்து, சேலத்தில் கொடுத்துப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் அருவியும் சேர்த்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, பிளாஸ்டிக் சந்தனமாலை போட்டு, மேலே ஒரு சிவப்புச் சின்ன பல்ப். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் முதல் வரிசையில் முட்டி போட்ட கத்தோலிக்கக் கிழவி, வாழப்பாடிச் சுவரில் நெற்றிப் பொட்டோடு. அப்பா கதவைத் தாண்டியதும் முதலில் அதுதான் தெரியும். உன் அம்மாவை என்ன செய்து வைத்திருக்கிறாய் என்பார். அதற்கு என்ன பதில்? சாமியாக்கி வைத்திருக்கிறோம் என்றா? அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் ஒரு வெளிறிய சதுரமும் ஆணியும். பக்கத்தில் மாமனார் தனியாகத் தொங்கினார், சண்டை போட்டு அனுப்பிவிட்டது மாதிரி. மறுபடி மாட்டினாள். இறங்கி வாசலிலிருந்து, அப்பா பார்க்கிற மாதிரி பார்த்தாள். பல்ப் மினுக்கியது. மறுபடி ஏறிக் கழற்றினாள். மாலையை மட்டும் எடுத்தால்? பொட்டை மட்டும் துடைத்தால்? துவாலையின் நுனியை நனைத்துக்கொண்டு அம்மாவின் நெற்றி முன்னால் கையைக் கொண்டுபோனாள், கை நின்றது. செய்ய முடியவில்லை. பெத்த தாயின் நெற்றியில் இருக்கும் பொட்டை அழிப்பது என்பது, இந்த ஊரில் ஏழு வருடம் இருந்தவளுக்கு, முடியாது. இந்த யோசனை எந்தப் பாஷையில் வந்தது என்று அவளே திடுக்கிட்டுப் பார்த்தாள். தமிழில்தான் வந்தது.

"ஸ்டூல் மேல என்னா வேலை?" பாவாயி பின்கட்டிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டோடு வந்தாள். மருமகள் கையில் படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "சம்பந்தியை எதுக்கு எறக்குறே?"

"அப்பா வர்றாரு அத்தை."

"வரட்டும். பொண்டாட்டியைப் பாக்கட்டும்."

"அவங்க சாமிக்கு இந்தப் பொட்டு, மாலையெல்லாம் இல்லை. அப்பாவுக்குச் சங்கடமா இருக்கும். ரெண்டு நாளைக்கு அலமாரிக்குள்ள வெச்சுக்கலாம்."

பாவாயி கீரையைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று ரோசா நினைத்தாள். பாவாயி கோபப்படவில்லை. "நாலு வருசமா நானும் அவளும்தான் பேசிக்கிட்டிருக்கோம். நீயும் மாதேசும் வேலைக்குப் போயிருவீங்க. கரண்டு போச்சு, தண்ணி வல்ல, உம்பொண்ணு இன்னிக்குச் சரியாத் திங்கலைன்னு எல்லாம் அவகிட்டத்தான் சொல்றேன். அவ வூட்டுக்காரரு வந்த அன்னிக்குப் பாத்து அவளை அலமாரியில போட்டுப் பூட்டுனா நல்லாவா இருக்கும்? உங்கப்பன் கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு. பொட்டு வெச்சது நானு."

ரோசா ஸ்டூல் மேலேயே நின்றாள். மார்பில் அணைத்திருந்த படத்தின் சட்டம் குத்தியது. அத்தை அம்மாவோடு பேசுவாள் என்று அவளுக்குத் தெரியாது. எந்தப் பாஷையில் என்று கேட்க நினைத்தாள், கேட்பது அசட்டுத்தனமாக இருந்தது. திரும்பி ஆணியைத் தேடிப் படத்தை மாட்டினாள், கோணலாக இருந்தது, நேராக்கினாள், அந்த நேராக்கும் போதுதான், எதையுமே தேடாமல் இருந்த அந்த நொடியில், எறும்பு அரித்த மரவிளிம்போடு அது வந்து விழுந்தது. "பெனெய்ரா!" என்று கத்தினாள்.

"பன்னீரா? பன்னீர் எதுக்குக் கண்ணு? வர்றது உங்கப்பன்தான, மாப்பிள்ளை அழைப்பா நடக்குது?"

"சல்லடை அத்தை, சல்லடை! எங்க ஊர்ல பெனெய்ரா!"

"அதுக்கா இந்தக் கத்து கத்துனே" என்று பாவாயி சிரித்துக்கொண்டே கீரையை எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில், "பெனெய்ரா, பெனெய்ரா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து பாலாடைக்கட்டி கருகுகிற, இல்லை, கருகவில்லை, சிவந்துவருகிற வாசனை வந்தது. ரோசா ஓடினாள். உருண்டைகள் எழும்பிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன, இரண்டு மட்டும் சோம்பேறிகள் மாதிரி தட்டையாக. அப்போது மறுபடி போன். அயோத்தியாப்பட்டினம் தாண்டியாச்சு என்றான் மாதேஷ். பேசினாரா என்று கேட்டாள். "சேலத்துல பேசினார். ஒரு பிரைவேட் பஸ்காரன் நம்மளையும் லாரியையும் ஒண்ணா ஓவர்டேக் பண்ணிப் போனான் பாரு, உங்கப்பா சீட்டை விட்டு எழுந்து கை தட்டினார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும், அந்த டிரைவரைப் பார்த்துக் கைகொடுக்கணும்னு சொன்னார். நாலு மணி நேரமா அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருது." பின்னாலிருந்து ஏதோ ஒரு குரல், கரகரத்த, காரணமில்லாமல் சத்தமான குரல் கேட்டது. அது அப்பாவின் குரல். குரல் செய்தியாக அல்ல, இப்போது, இந்த நிமிடத்தில், இருபது நிமிடத் தொலைவில் பேசிக்கொண்டிருக்கிறது. அவள் குளிக்கவே இல்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், சேலை கட்டுவதா, கௌன் போடுவதா, சேலை என்றால் என் மகள் மாறிவிட்டாள் என்பார், கௌன் என்றால் அத்தை எதற்கு வேஷம் என்பாள், மாவு ஒட்டிய இந்தச் சுடிதாரிலேயே நின்றுவிடலாம், இதுதானே தினமும் நான். தினமும் நான் என்று கண்ணாடியில் பார்த்தாள். காதோரம் மாவு இருந்தது. துடைக்காமல் விட்டாள், மறந்து.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோது வாசலுக்கு முதலில் போனது பாவாயிதான். ரோசாவின் கால் முன்னறை நடுவில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, பெல்ட், புதுச் செருப்பு. அப்பா சின்னவராகிவிட்டார். யாரோ அவரை வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டதுபோல. இறங்கி, இடுப்பை நிமிர்த்தி, வாசலில் கைகூப்பி நின்ற பாவாயியைப் பார்த்து நேராக வந்தார். ரோசா, "அப்பா, வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் தோளைப் பிடித்துவிட்டார், வலது கன்னம், இடது கன்னம். எதிர்வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பாவாயி அசையாமல் நின்றாள். முந்தானை கன்னத்துக்குப் போகவில்லை. "வாங்க, வாங்க சம்பந்தி, உள்ள வாங்க" என்றாள், காது மட்டும் சிவந்திருந்தது. பின்னால் பெட்டியோடு வந்த மாதேஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே வந்தவர் மகளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா ஒரு அடி கிட்டே போனார். அருவியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், சிவப்பு பல்பைக் கைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் படத்தை யார் எடுத்தது?" என்றார்.

"நான்தான் அப்பா. மார்லி வீட்டுக் கல்யாணத்தில்."

"இதில் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்று இதை அழிக்கச் சொல்லி மூன்று நாள் உன்னோடு சண்டை போட்டாளே."

"ஆமாம்."

"நீ அழிக்கவில்லை."

"இல்லை."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள். சிரித்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, சுவரில் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உலகத்தின் இந்த மூலையில் அந்த மூக்கை மாலை போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஜெரால்டா எழுந்தே வந்துவிடுவாள்" என்றார். பிறகு நெற்றியைக் காட்டி, "இது என்ன?" என்றார். அத்தை வைத்தது, தினமும் குளித்துவிட்டு வந்து வைப்பார்கள் என்று சொன்னாள். தினமுமா என்று கேட்டார். தினமும் என்றாள். அப்பா திரும்பிப் பாவாயியைப் பார்த்தார், இன்னொரு தடவை முத்தம் கொடுத்துவிடுவாரோ என்று ரோசா பயந்தாள், அவர் தலையை மட்டும் தாழ்த்தினார். அதன்பிறகுதான் மகள் பக்கம் வந்தார். "ஹோஸா" என்றார். அவள் காதோரத்து மாவைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்துவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டு பேசினார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ வந்திருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். என்னோடு சேர்ந்து அழ ஆள் இல்லை. அதனால் கோபப்பட்டேன். கோபப்பட ஆள் தேவையில்லை பார். போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்று நினைப்பேன், எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாது, நின்றுவிடும். நான்கு வருஷம் ஓடிப்போயிற்று. ரோட்டில் ஒரு வளைவைத் தவறவிட்டால் திரும்ப இடம் கிடைக்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா, அதுமாதிரி போய்க்கொண்டே இருந்தேன்."

ரோசா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது எல்லாம், ஒன்றரை மணி நேரமாக, நான்கு வருடமாக அடுக்கி வைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. மாதேஷ் பெட்டியைத் திறந்து, ஒன்பது சட்டைகளுக்குள் சுற்றியிருந்த பாலாடைக்கட்டியை வெளியே எடுத்து முகர்ந்துவிட்டு அவசரமாக மூடினான். பாவாயிக்குப் பொறுக்கவில்லை. "என்னா கண்ணு சொல்றாரு? எதுக்கு ரெண்டு பேரும் அழுவுறீங்க? படத்தை எறக்கச் சொல்றாரா?"

ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினாள். இல்லை அத்தை, அப்பாவுக்கு என் மேல் கோபமில்லை, தனியாக அழ முடியாமல் இருந்திருக்கிறார், உங்களுக்கு நன்றி சொல்கிறார், நானும் சொல்ல வேண்டும், ஏழு வருடமாகச் சொன்னதில்லை என்று நிறுத்தாமல், மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் மாதேஷ் சிரிப்பதைக் கவனித்தாள். அவ்வளவையும் அவள் போர்த்துகீசியத்தில் சொல்லியிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பி, "பாருங்கப்பா, என்ன பண்ணிட்டேன், வாங்க, கை கழுவுங்க" என்று மன்னிப்புக் கேட்டாள், அது தமிழில் வந்தது. அப்பா ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்.

"வுடு, வுடு, எல்லாம் புரிஞ்சுது" என்றாள் பாவாயி. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தாளு பசியோட நிக்கிறாரு. நீ போயி எலையப் போடு."